விபிஎன்: எதைக் காக்கும், எதைக் காக்காது, நெட் ஏன் இழுக்கிறது?

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



கொஞ்ச நாளாக நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. "இந்த இலவச விபிஎன் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் வங்கிக் கணக்கை எவனாலும் தொட முடியாது" என்று ஒரு செய்தி. அதைப் பார்த்துப் பலர் போட்டுக்கொண்டார்கள். போட்ட பிறகு, "நெட் ரொம்ப இழுக்கிறதே, வைஃபை பெட்டியில் கோளாறா?" என்று கேட்கிறார்கள். நான் நெட்வொர்க் பராமரிப்பு வேலையில் இருப்பதால் செயலாளர் அய்யா என்னை அரை மணி நேரம் பேசச் சொன்னார்.

மூன்று விஷயங்களைச் சொல்கிறேன். விபிஎன் எதைக் காக்கிறது, எதைக் காக்காது என்பது முதலில். வேகம் ஏன் குறைகிறது என்பது அடுத்தது. 2022-இல் மத்திய அரசு போட்ட ஓர் உத்தரவுக்கும் உறுவையாற்றில் நம் வீட்டு நெட்டின் வேகத்துக்கும் என்ன தொடர்பு என்பது மூன்றாவது. கடைசியில் நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கையும் வைக்கிறேன்.

உறைக்குள் உறை

விபிஎன்னைப் புரிந்துகொள்ள ஒரு கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, முகவரி எழுதி வில்லியனூர் தபால் நிலையத்தில் போடுகிறீர்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தபால்காரருக்குத் தெரியாது. ஆனால் யாருக்குப் போகிறது என்பது மேலேயே இருக்கிறது.

இன்றைய இணையம் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. பிரவுசரில் முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கினால் உறை ஒட்டியிருக்கிறது என்று பொருள். உங்கள் கடவுச்சொல், கணக்கு எண், நீங்கள் எழுதும் செய்தி எதையும் நடுவில் இருப்பவர் படிக்க முடியாது. வங்கிகள், அரசுத் தளங்கள், பெரிய கடைகள் எல்லாமே இன்று அப்படித்தான் இயங்குகின்றன. ஆனால் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குப் போகிறீர்கள், எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்பது உங்களுக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்குத் தெரியும். நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பது அந்தத் தளத்துக்கு உங்கள் ஐபி முகவரி மூலம் தெரியும்.

இப்போது அதே கடிதத்தை இன்னொரு பெரிய உறைக்குள் போட்டு, மேலே சிங்கப்பூரில் ஒருவருடைய முகவரியை எழுதுகிறீர்கள். வில்லியனூர் தபால்காரருக்குச் சிங்கப்பூர் முகவரி மட்டும்தான் தெரியும். சிங்கப்பூரில் இருப்பவர் வெளி உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் கடிதத்தில் அனுப்புநராகத் தன் முகவரியைப் போட்டுப் பாரிஸுக்கு அனுப்புகிறார். பாரிஸில் இருப்பவர் கடிதம் சிங்கப்பூரிலிருந்து வந்ததாக நினைக்கிறார். அந்தச் சிங்கப்பூர்க்காரர்தான் விபிஎன்.

இதில் யாருக்கு என்ன தெரியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளூர் இணைய நிறுவனத்துக்கு நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பது தெரியாது. நீங்கள் போகும் தளத்துக்கு உங்கள் உண்மையான ஐபி முகவரி தெரியாது. ஆனால் சிங்கப்பூர்க்காரருக்கு இரண்டுமே தெரியும். அதாவது, இதுவரை உள்ளூர் நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்ததை இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும். காவல்காரரை மாற்றியிருக்கிறோமே தவிர, காவல்காரரே இல்லை என்று ஆகிவிடவில்லை. ஆகவே விபிஎன் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தப் புதிய காவல்காரர் யார் என்பதுதான்.

எதைக் காக்காது

வாட்ஸ்அப்பில் வந்த அந்தச் செய்திக்கு வருவோம். விபிஎன் போட்டால் வங்கிக் கணக்கைத் தொட முடியாது என்பது சரியல்ல.

இன்று பணம் போகும் வழிகளை எண்ணிப் பாருங்கள். போனில் பேசி ஓடிபி வாங்குகிறார்கள். போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுகிறார்கள். திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சலான் என்று சொல்லி ஏபிகே கோப்பை அனுப்பி, நம் போனுக்குள்ளேயே புகுந்துவிடுகிறார்கள். பகுதி நேர வேலை, பங்குச்சந்தை லாபம் என்று டெலிகிராம் குழுவில் சேர்க்கிறார்கள். இவற்றில் எதையும் விபிஎன் தடுக்காது. ஓடிபியை நாமே வாய்விட்டுச் சொன்னால், உறைக்குள் உறை போட்டு என்ன பயன்? ஏபிகே கோப்பை நாமே நிறுவினால் திருடன் வீட்டுக்குள் வந்துவிட்டான். தெருவில் திரை கட்டுவதால் அவன் வெளியே போகப்போவதில்லை.

கூகுள், ஃபேஸ்புக் போன்றவற்றில் நீங்கள் உங்கள் பெயரில் உள்நுழைந்திருந்தால், விபிஎன் போட்டிருந்தாலும் நீங்கள் யார் என்பது அவர்களுக்குத் தெரியும். ஐபி முகவரி மட்டும்தான் மாறும், உங்கள் கணக்கு மாறாது.

இன்னொன்று. சில வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் விபிஎன் போட்டிருந்தால் வேலை செய்ய மறுக்கும். கணக்கு திடீரென்று வேறு நாட்டிலிருந்து திறக்கப்படுவதாக அவற்றுக்குத் தோன்றுவதே காரணம். பணம் அனுப்பும்போது விபிஎன்னை நிறுத்திவிடுங்கள். அதனால் உங்கள் பாதுகாப்பு குறையாது. வங்கிச் செயலி தன் உறையைத் தானே ஒட்டித்தான் அனுப்புகிறது.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சில மணி நேரத்துக்குள் சொன்னால், போன பணத்தை இடையிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் இருந்தால் அந்த நேரம் கைவிட்டுப் போய்விடும். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் இன்றைய கூட்டத்துக்கு வந்தது வீண்போகாது.

இலவசம் என்றால்

விபிஎன் நடத்துவதற்குப் பல நாடுகளில் சர்வர் வேண்டும், மின்சாரம் வேண்டும், டேட்டாவுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். இத்தனை செலவையும் செய்து ஒருவர் நமக்கு இலவசமாகக் கொடுக்கிறார் என்றால், அவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? மூன்று உதாரணங்கள் சொல்கிறேன்.

ஃபேஸ்புக் நிறுவனம் 2013-இல் ஒனாவோ என்ற இஸ்ரேலிய நிறுவனத்தை வாங்கியது. 'ஒனாவோ புரொடெக்ட்' என்ற பெயரில் இலவச விபிஎன் கொடுத்தது. உங்கள் தகவலைப் பாதுகாக்கிறோம் என்றுதான் விளம்பரம். ஆனால் பயன்படுத்துபவர்கள் எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் திறக்கிறார்கள் என்ற விவரம் அதன் வழியாக ஃபேஸ்புக்குக்குப் போனது. போட்டி நிறுவனங்கள் எப்படி வளர்கின்றன என்று பார்க்க அது பயன்பட்டது. 2018-இல் ஆப்பிள் கடையிலிருந்து அந்தச் செயலி நீக்கப்பட்டது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம், மக்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இரண்டாவது, 2016-இல் ஆஸ்திரேலியாவின் அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 38 சதவீதச் செயலிகளில் தீங்கு செய்யும் நிரல் இருப்பதற்கான அறிகுறி தெரிந்தது. 18 சதவீதம் தகவலைப் பூட்டவே இல்லை. அதாவது உறை என்று சொல்லிவிட்டு வெறும் தாளாக அனுப்பியிருக்கிறார்கள்.

மூன்றாவதுதான் மிகவும் அச்சம் தருவது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை '911 எஸ்5' என்ற வலையமைப்பை மூடியது. மாஸ்க் விபிஎன், டியூ விபிஎன், ஷீல்டு விபிஎன் போன்ற பெயர்களில் இலவசமாகக் கொடுத்து, போட்டுக்கொண்டவர்களின் கணினியைத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்திருந்தார்கள். சுமார் 190 நாடுகளில் 1 கோடியே 90 லட்சம் ஐபி முகவரிகள் அதில் சிக்கியிருந்தன. அந்த முகவரிகளைக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். எங்கோ ஒருவன் மோசடி செய்வான், அது செய்யப்பட்ட இடமாக உங்கள் வீட்டு ஐபி முகவரி பதிவாகும். தன் முகவரியை மறைக்க விபிஎன் போட்டவரின் முகவரியே திருடனுக்கு முகமூடி ஆகிவிட்டது.

எல்லா இலவச விபிஎன்னும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பணம் கட்டுபவர்களின் வருமானத்தில் குறைந்த வசதியுடன் இலவசச் சேவை தரும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் வாட்ஸ்அப் ஃபார்வர்டில் வந்த லிங்க்கைத் தொட்டு ஒரு விபிஎன்னைப் போடுவது, முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பது போல. அந்தச் செய்தியைப் பார்த்துப் போட்டவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் அதை நீக்கிவிடுங்கள். நீக்குமுன், அமைப்புகளில் 'விபிஎன்' பகுதிக்குள் போய் அதன் பெயரையும் அழித்துவிடுங்கள்.

நெட் ஏன் இழுக்கிறது

இப்போது வேகம். நம்மில் பலர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்கள், அதனால் அதையே சொல்கிறேன். மோட்டார் போட்டதும் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறோம். குழாய் எத்தனை அங்குலம், ஒரு நேரத்தில் எவ்வளவு தண்ணீர் கொட்டுகிறது என்பது ஒன்று. மோட்டார் போட்டதிலிருந்து கடைசி மடைக்குத் தண்ணீர் வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்பது இன்னொன்று. இணைய நிறுவனம் '100 எம்பிபிஎஸ்' என்று விற்பது குழாயின் அளவை. கடைசி மடைக்கு வரும் நேரத்துக்குத் தாமதம் என்று பெயர், அதை மில்லி நொடியில் அளக்கிறோம். ஒரு நொடியில் 1,000 மில்லி நொடி. விபிஎன் குழாயின் அளவைக் கொஞ்சம் குறைக்கும், வாய்க்காலின் நீளத்தை நிறையவே கூட்டிவிடும்.

குழாய் கொஞ்சம் சிறுப்பதற்குக் காரணம் வெளி உறை. இணையத்தில் தகவல் 1,500 பைட் அளவுள்ள பொட்டலங்களாகப் போகிறது. வயர்கார்டு என்ற புதிய முறையில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வெளி உறையாக 60 முதல் 80 பைட் போய்விடுகிறது. கணக்குப் போட்டால் 4, 5 சதவீதம். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இது பெரிய இழப்பு இல்லை. ஓபன்விபிஎன் என்ற பழைய முறை இதைவிடக் கனமானது. பூட்டுவதும் திறப்பதும் இன்றைய போனுக்கும் கணினிக்கும் எளிய வேலை. ஆனால் விலை குறைந்த ரவுட்டரில் விபிஎன்னை ஓட்டினால் அதன் சிறிய பிராசசர் திணறும், அப்போது வேகம் பாதிக்கு மேல்கூடக் குறையலாம்.

வாய்க்கால் நீளம்தான் பெரிய காரணம். கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. அதாவது ஒரு மில்லி நொடிக்கு 200 கிலோமீட்டர். எவ்வளவு பணம் கட்டினாலும் இதைக் கூட்ட முடியாது.

நீங்கள் பார்க்க விரும்பும் தளம் சென்னையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கிருந்து சென்னை 150, 160 கிலோமீட்டர். போய்த் திரும்ப ஒளிக்கு 2 மில்லி நொடிகூட ஆகாது. நடுவில் இருக்கும் கருவிகளையும் சேர்த்து 10 மில்லி நொடி என்று கொள்ளலாம். இப்போது சிங்கப்பூர் வழியாக விபிஎன் போடுகிறீர்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கடலடிக் கேபிளில் சுமார் 3,000 கிலோமீட்டர். உங்கள் கோரிக்கை சிங்கப்பூர் போய், அங்கிருந்து சென்னைக்கு வர வேண்டும். பதில் அதே வழியில் சிங்கப்பூர் போய் உங்களிடம் வர வேண்டும். நான்கு 3,000, மொத்தம் 12,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்திலேயே 60 மில்லி நொடி. நியூயார்க் சர்வரைத் தேர்ந்தெடுத்திருந்தால் நேர்க்கோட்டிலேயே 50,000 கிலோமீட்டரைத் தாண்டும், 250 மில்லி நொடிக்கு மேல்.

அது கால் நொடிதானே என்று நினைக்கலாம். ஒரு பக்கம் திறக்க ஒரே ஒரு முறை போய் வந்தால் போதாது. இணைப்பை ஏற்படுத்த ஒரு முறை, உறையைப் பூட்டும் சாவியை ஒத்துக்கொள்ள ஒரு முறை, பக்கத்தைக் கேட்க ஒரு முறை, அதில் இருக்கும் படங்களைக் கேட்க இன்னொரு முறை. நான்கு முறை என்றாலே ஒரு நொடியைத் தாண்டிவிடுகிறது. அதைத்தான் நாம் "இழுக்கிறது" என்கிறோம். வைஃபை பெட்டியில் கோளாறு இல்லை.

வீடியோ காலில் இது இன்னும் நன்றாகத் தெரியும். ஒருவர் பேசியது மறுபக்கம் போய்ச் சேர 150 மில்லி நொடிக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். அதைத் தாண்டினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள், பிறகு இரண்டு பேரும் "நீ சொல்லு, நீ சொல்லு" என்பார்கள்.

யூடியூப்பும் ஒரு காரணம். கூகுள் போன்ற பெரிய நிறுவனங்கள், அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களின் பிரதிகளை நம் நாட்டு இணைய நிறுவனங்களின் கூடங்களிலேயே வைத்திருக்கின்றன. பாகூர் ஏரி பக்கத்திலேயே இருக்கும்போது யாராவது வெளியூரிலிருந்து தண்ணீர் கொண்டுவருவார்களா? சிங்கப்பூர் விபிஎன் போட்டால், நீங்கள் சிங்கப்பூரில் இருப்பதாக நினைத்து அங்கிருக்கும் பிரதியைக் கொடுப்பார்கள்.

2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டாவுக்கு அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தன. இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் இணைப்புகள் மெதுவாகின. அந்த நாட்களில் லண்டன் சர்வர் வழியாக விபிஎன் போட்டிருந்தவர்களுக்குச் சென்னைத் தளம்கூட மெதுவாகத்தான் திறந்திருக்கும். நாம் தேர்ந்தெடுக்கும் வழியில் இருக்கும் பள்ளமும் மேடும் நம்முடையதாகிவிடும்.

2022 உத்தரவும் நம் வேகமும்

"அப்படியானால் சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் விபிஎன் சர்வரைத் தேர்ந்தெடுத்தால் போயிற்று" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை அப்படித்தான் செய்தோம்.

2022 ஏப்ரல் 28 அன்று, கணினி அவசரநிலைகளைக் கையாளும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கப்பட்ட ஐபி முகவரி, எதற்காகச் சேவையை எடுத்தார் என்ற காரணம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும், வாடிக்கையாளர் விலகிய பிறகும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. அலுவலகங்கள் தங்கள் ஊழியர்களுக்காக நடத்தும் விபிஎன்னுக்கு இது பொருந்தாது என்று பிறகு விளக்கம் தந்தார்கள். ஜூன் கடைசியில் நடைமுறைக்கு வர வேண்டிய இந்தப் பகுதி, செப்டம்பர் 25 வரை தள்ளிவைக்கப்பட்டது.

யார் வந்தார்கள், போனார்கள் என்று பதிவே வைப்பதில்லை என்று சொல்லித்தான் இந்த நிறுவனங்கள் வாடிக்கையாளர்களைச் சேர்த்திருந்தன. எனவே எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டு விபிஎன், புரோட்டான் ஆகியவை அந்த ஆண்டிலேயே இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. சில நிறுவனங்களின் பட்டியலில் இன்றும் 'இந்தியா' என்று இருக்கும். ஆனால் அந்தச் சர்வர் இருப்பது சிங்கப்பூரிலோ பிரிட்டனிலோதான். முகவரி மட்டும் இந்திய முகவரி. ஆகவே, 'இந்தியா' என்று அழுத்திவிட்டு நம் புதுச்சேரி அரசுத் தளத்தைத் திறந்தாலும், நான் சொன்ன அந்த 12,000 கிலோமீட்டர் பயணம் நடக்கிறது. டெல்லியில் போட்ட ஓர் உத்தரவு நம் வீட்டு வாய்க்காலை நீட்டிய கதை இது.

இந்த உத்தரவுக்கு இரண்டு பக்கமும் உண்டு, இரண்டையும் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் பல தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. பெற்றோர்கள் எப்படி ஓடினார்கள் என்று டிவியில் பார்த்தோம். அனுப்பியவர் ரகசியம் காக்கும் வெளிநாட்டு மின்னஞ்சல் சேவையைப் பயன்படுத்தியிருந்தார். இப்படிப்பட்டவர்களைப் பிடிக்க வழி வேண்டும் என்று காவல்துறை கேட்பதில் நியாயம் இருக்கிறது. நம் பிள்ளைகளும் பள்ளிக்குத்தான் போகிறார்கள்.

மறுபக்கம், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, நீதிபதி புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொல்லியிருக்கிறது. குற்றமே செய்யாத லட்சக்கணக்கானவர்களின் விவரத்தை 5 ஆண்டு சேர்த்துவைத்தால், அந்தச் சேமிப்பே நாளை திருடப்படலாம். இலங்கையில் 2022 ஏப்ரல் 3 அன்று, பொருளாதார நெருக்கடியை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தபோது, அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. மக்கள் விபிஎன் வழியாகத்தான் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொண்டார்கள். அன்றைய அமைச்சர் நாமல் ராஜபக்சவே, தானும் விபிஎன் வழியாகப் பதிவிடுவதாகவும் இப்படிப்பட்ட தடையால் பயனில்லை என்றும் எழுதினார். ஒரே கருவி, மிரட்டுபவன் கையிலும் இருக்கிறது, பால் பவுடருக்கு வரிசையில் நிற்கும் தாயின் கையிலும் இருக்கிறது.

விபிஎன் பயன்படுத்துவது இந்தியாவில் பொதுவாகக் குற்றமல்ல. அதை வைத்துக் குற்றம் செய்தால்தான் குற்றம். ஆனால் வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. ஐக்கிய அரபு அமீரகத்தில், குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ வேறு ஐபி முகவரியைப் பயன்படுத்தினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2021-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அங்கே வாட்ஸ்அப் கால் பேச முடிவதில்லை என்பதற்காக, "விபிஎன் போட்டுப் பேசுப்பா" என்று நாம் இங்கிருந்து சொல்லக் கூடாது. அந்த நாட்டில் அனுமதி உள்ள செயலி எதுவோ அதில் பேசிக்கொள்ளலாம்.

யாருக்குத் தேவை

வீட்டிலிருந்து வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அலுவலகமே விபிஎன் கொடுத்திருக்கும். அதை அலுவலக வேலைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதில் போகும் எதையும் அலுவலகம் பார்க்க முடியும்.

விழுப்புரம் ரயில் நிலையத்திலோ, விமான நிலையத்திலோ, தங்கும் விடுதியிலோ பொது வைஃபையில் வேலை செய்பவர்களுக்கு நல்ல விபிஎன் பயன்படும். ஆனால் அங்கே வங்கி வேலைக்கு எளிய வழி, வைஃபையை அணைத்துவிட்டு உங்கள் சொந்த மொபைல் டேட்டாவில் செய்வதுதான். செலவும் இல்லை.

தாங்கள் படிப்பதும் தேடுவதும் இணைய நிறுவனத்துக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நோயைப் பற்றித் தேடுபவர், வழக்கில் இருப்பவர், செய்தியாளர், வீட்டில் துன்பப்படும் ஒரு பெண். அவர்கள் எதையோ ஒளிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். குளிக்கும்போது கதவைத் தாழிடுவது குற்றத்தை மறைக்க அல்ல. இவர்கள் பணம் கட்டும் ஒரு நல்ல சேவையை எடுப்பது நியாயம்.

வீட்டில் கேமரா வைத்திருப்பவர்களுக்கும் விபிஎன் உதவும். வெளியூரிலிருந்து கேமராவைப் பார்ப்பதற்காக ரவுட்டரில் ஒரு கதவை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள் சிலர். கேமராவின் கடவுச்சொல்லும் வாங்கியபோது இருந்ததே இருக்கும். உங்கள் வீட்டிலேயே ஒரு சிறிய விபிஎன் அமைத்து, அதன் வழியாக மட்டும் கேமராவைப் பார்ப்பது பாதுகாப்பானது. இந்த விபிஎன்னுக்கு வெளியார் யாரையும் நம்ப வேண்டியதில்லை.

வாங்குவதானால் இவற்றைப் பாருங்கள். நிறுவனத்தை நடத்துவது யார் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். பதிவு வைப்பதில்லை என்பதை வெளியிலிருந்து தணிக்கையாளர் சரிபார்த்து, அறிக்கை வெளியிட்டிருக்க வேண்டும். வயர்கார்டு முறை இருக்க வேண்டும். ஐபி பதிப்பு 6-ஐயும் சேர்த்து மறைக்க வேண்டும். நம் மொபைல் நிறுவனங்கள் இந்தப் புதிய முகவரி முறையைப் பெருமளவில் பயன்படுத்துகின்றன. விபிஎன் பழைய பதிப்பை மட்டும் மறைத்தால், முன்வாசலைப் பூட்டிக் கொல்லைப்புறத்தைத் திறந்துவைத்த மாதிரி. விபிஎன் அறுந்தால் நெட்டையே நிறுத்தும் 'கில் சுவிட்ச்' வசதியும் இருக்க வேண்டும்.

வேகத்துக்கு ஒரு சின்னச் சோதனை. விபிஎன் இல்லாமல் ஒரு முறை வேகத்தை அளந்து, தாமதம் என்று காட்டும் 'பிங்' எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். விபிஎன் போட்டு, சிங்கப்பூரில் ஒரு முறை, ஐரோப்பாவில் ஒரு முறை அளந்து பாருங்கள். எது அருகிலோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸ் டிவி பார்ப்பதற்காக பிரெஞ்சு சர்வரை எடுக்கும் நம் பெரியவர்கள், பார்த்து முடித்ததும் அணைத்துவிடுங்கள். மற்ற வேலைக்கு பாரிஸ் போய் வர வேண்டியதில்லை.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை

கடைசியாக, இங்கே இருக்கும் எல்லோரையும் பற்றிய ஒன்று. நம் வாட்ஸ்அப் குழுவில் வாடகைக்கு வருபவர்களின் ஆதார் நகலைப் படம் எடுத்துப் போடுகிறோம். யார் வீடு எத்தனை நாள் பூட்டியிருக்கும் என்று எழுதுகிறோம். எல்லா வீட்டுத் தொலைபேசி எண்ணும் பெயரோடு ஒரே பட்டியலாகச் சுற்றுகிறது. குழுவில் இருப்பவர் யாராவது ஒருவரின் போன் திருடனிடம் போனால் அத்தனையும் அவனிடம் போய்விடும். உலகத்தில் எந்த விபிஎன்னும் இதைத் தடுக்காது. "ஊருக்குப் போயிருக்கிறீர்களே அம்மா, பார்சல் வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள்" என்று பேசுபவனுக்கு, நீங்கள் ஊருக்குப் போனது எப்படித் தெரிந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

எனவே மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, இனிமேல் ஆதார் நகல் எதுவும் குழுவில் வரக் கூடாது. தேவை என்றால் செயலாளரிடம் நேரில் காட்டினால் போதும். இதுவரை வந்தவற்றை அனுப்பியவர்களே 'எல்லோருக்கும் நீக்கு' என்று நீக்க முயல வேண்டும், நீங்காதவற்றை அவரவர் போனில் அழிக்க வேண்டும். இரண்டு, வீடு பூட்டியிருக்கும் விவரத்தைப் பக்கத்து வீட்டாரிடம் வாயால் சொல்வோம், பழைய வழக்கப்படி. மூன்று, தெருக் கேமராக்களின் கடவுச்சொல்லை இந்த மாதத்துக்குள் மாற்றுவோம். மாற்றித் தரும் வேலையை நான் செய்கிறேன், கட்டணம் வேண்டாம்.

வாடகைக்கு வந்தவரின் ஆதாரும் அந்தரங்கம்தான். அவரைக் கேட்காமல் அதை நாம் பொதுவில் போட்டுவிட்டு, நம் அந்தரங்கத்துக்கு மட்டும் விபிஎன் தேடுவது முறையல்ல. பெரியவர்கள் யோசித்து இன்றே முடிவு சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.



(உரைக்குப் பிறகு மூன்று தீர்மானங்களும் குரல் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டன. கேமரா கடவுச்சொல் மாற்றும் நாள் அறிவிப்புப் பலகையில் எழுதப்படும். இணைய மோசடிப் புகாருக்கு அழைக்க வேண்டிய எண்: 1930. — செயலாளர்)